பூனைத் தவமும் கன்னித்தீவும்

காலையில் பேப்பர் கைக்கு வந்ததும் ஒருவர் எந்தப் பக்கத்தை முதலில் திருப்புகிறார் என்பதை வைத்தே அவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். தலைப்புச் செய்தியில் தொடங்குபவர் பொறுப்பானவர். கடைசிப் பக்கத்து விளையாட்டுச் செய்திக்குத் தாவுபவர் உற்சாகமானவர். ராசிபலனைத் தேடுபவருக்கு அன்றைக்கு ஏதோ கவலை. ஆனால் படக்கதையையும் கார்ட்டூனையும் முதலில் தேடுபவரை மட்டும், "இன்னும் சின்னப் பிள்ளையாவே இருக்கான் பாரு" என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

இந்தக் கிண்டலில் நியாயமே இல்லை. பேப்பரில் வரும் மற்றதெல்லாம் மறுநாளே பழசாகிவிடும். தங்கம் விலை மாறிவிடும். அமைச்சர் மாறிவிடுவார். நேற்று ஜெயித்த அணி இன்று தோற்றுவிடும். பத்து இருபது வருடம் கழித்து ஒருவரிடம், "சின்ன வயசுல பேப்பர்ல படிச்சதுல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு படக்கதையின் பெயரைத்தான் சொல்வார். வெள்ளிக்கிழமை தினமலரோடு வந்த சிறுவர் மலருக்காக அண்ணனும் தங்கையும் அடித்துக்கொண்ட கதை எத்தனையோ வீடுகளில் உண்டு.

பேப்பரின் மூலையில் கிடக்கும் இந்தச் சின்னக் கட்டங்கள் சிறுபிள்ளை விஷயம் இல்லை. தமிழ் வாசகனுக்கு அது ரொம்பப் பழைய சொத்து. எவ்வளவு பழசு என்று தெரிந்துகொள்ள செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால் போதும். முப்பது கிலோமீட்டர்தான்.

பாறையில் ஒரு கார்ட்டூன்

மாமல்லபுரத்தில் 'அர்ச்சுனன் தபசு' என்று சொல்லப்படும் பெரிய பாறைச் சிற்பம் எல்லோருக்கும் தெரியும். பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு. 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து வேலை. ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்துக்கு யானைகள், தேவர்கள், நாகர்கள், முனிவர்கள், வேடர்கள் என்று ஒரு உலகமே அங்கே கூடியிருக்கிறது. இடது பக்கம் மேலே, எலும்பும் தோலுமாக ஒருவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறார்.

இப்போது வலது பக்கம் கீழே, பெரிய யானைக்கு அருகில் பாருங்கள். ஒரு பூனை பின்னங்காலில் நின்றுகொண்டு, முன்னங்கால்களை அதே மாதிரி தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறது. சுற்றிலும் எலிகள். பூனை சாமியாராகிவிட்டது என்று நம்பி வணங்கி நிற்கின்றன!

தவம் செய்வதாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. ஆனால் அந்தச் சிற்பி செய்த வேலை கதை சொல்வதோடு நிற்கவில்லை. மேலே உண்மையான தவம், கீழே அதே நிலையில் போலித் தவம். ஒரு வரி எழுத்துகூட இல்லை. பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். சிரித்து முடித்த பிறகு, தனக்குத் தெரிந்த நாலு பேருடைய முகம் அந்தப் பூனையின் முகத்தில் தெரியும். இன்றைய அரசியல் கார்ட்டூன் செய்வதும் இதைத்தானே? தமிழில் 'உருத்திராட்சப் பூனை' என்று ஒரு சொல்லே இருக்கிறது. எந்தத் தேர்தல் வந்தாலும் கார்ட்டூனிஸ்டுகளுக்குக் கைகொடுக்கும் உருவம் அது.

இந்தப் பகுதியின் கிண்டல் மரபு கல்லோடு நிற்கவில்லை. செங்கல்பட்டை ஒட்டியுள்ள வல்லம் குன்றில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் பொறித்த கல்வெட்டு அங்கே உண்டு. அந்த மகேந்திரவர்மன்தான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். குடிகாரக் கபாலிகன், அவனுடைய மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாய், மாட்டிக்கொண்டு விழிக்கும் புத்த பிக்கு என்று எல்லோரையும் ஒரு வாங்கு வாங்குகிறான். கதை நடப்பது அவனுடைய சொந்தத் தலைநகரான காஞ்சியில். பணமிருப்பவன் வழக்கு மன்றத்தை வளைத்துவிடுவான் என்ற குத்தலும் அதில் வருகிறது. 1,400 வருடங்களுக்கு முன்னால் ஒரு ராஜா தன் ஊரைத் தானே கிண்டல் செய்திருக்கிறான். பின்னால் வரப்போகும் சில சம்பவங்களுக்காக இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாத கதையின் சுகம்

தமிழ்ப் பத்திரிகைப் படக்கதை என்றால் முதலில் வருவது 'கன்னித்தீவு'. தினத்தந்தியில் 1960-ல் தொடங்கியது. மந்திரவாதி மூசா, அவனால் சின்னப் பொம்மை அளவுக்குச் சுருக்கப்பட்ட இளவரசி லைலா, அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரப் புறப்பட்ட சிந்துபாத். இவ்வளவுதான் கதை. அறுபது வருடங்களைத் தாண்டியது, எண்ணிக்கையில் இருபதாயிரத்தையும் தாண்டியது. "என்னப்பா, உன் வீட்டுக் கட்டட வேலை கன்னித்தீவு மாதிரி போயிட்டே இருக்கு?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு படக்கதை பழமொழியாகவே ஆகிவிட்டது. இந்தப் பெருமை எத்தனை நாவல்களுக்குக் கிடைத்திருக்கிறது?

கன்னித்தீவைக் குறை சொல்பவர்கள் நிறைய. "கதை நகரவே மாட்டேங்குது, ஒரு பூதம் போனா இன்னொரு பூதம் வருது" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பேப்பர் யாருக்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற மாதிரி செய்தி இருக்க வேண்டும் என்று நினைத்தவர். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழ். அதே பேப்பரில் இரண்டு மூன்று கட்டம் படம், கட்டத்துக்கு ஒன்றிரண்டு வரி. அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய ஒருவர், ஆரம்பம் முதல் கடைசி வரை முழுதாகப் படித்து முடிக்கக்கூடிய ஒரே பகுதி அதுவாகத்தான் இருந்திருக்கும். "இன்னிக்குப் பேப்பர் படிச்சேன்" என்று தலைநிமிர்ந்து சொல்ல அந்த மூன்று கட்டம் போதும்.

வெளிநாட்டில் இரண்டு விதமான முடிவுகளைப் பார்க்கலாம். அமெரிக்காவில் சார்லஸ் ஷுல்ஸ் 'பீனட்ஸ்' தொடரை 1950 முதல் 2000 வரை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் தன் கையாலேயே வரைந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படம் அச்சில் வருவதற்கு முந்தின இரவு இறந்துபோனார். பில் வாட்டர்சன் 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' தொடரை 1985-ல் தொடங்கி, உச்சத்தில் இருக்கும்போதே 1995 டிசம்பர் 31-ல் போதும் என்று நிறுத்திவிட்டார். கன்னித்தீவு இரண்டிலும் சேராது. அது தேர் மாதிரி. இழுக்கும் கைகள் மாறிக்கொண்டே இருக்கும், தேர் போய்க்கொண்டே இருக்கும். இதில் எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்கத் தேவையில்லை. கலைஞனுக்காகப் படிக்கிற சுகம் ஒன்று, பழக்கத்துக்காகப் படிக்கிற சுகம் இன்னொன்று. இரண்டும் சுகம்தான்.

சின்ன இடம், பெரிய விஷயம்

அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கட்டங்களில்?

முதலாவது, அளவு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான். இன்னும் வேண்டும் என்றாலும் கிடைக்காது. நாளை வரை காத்திருக்க வேண்டும். ஒரே ராத்திரியில் பத்து எபிசோடு பார்த்து முடிக்கும் இன்றைய பழக்கத்தில் இல்லாத ஒன்று இந்தக் காத்திருப்பு. சிந்துபாத் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான் என்றால், அவன் எப்படி வெளியே வருவான் என்று ஒரு பையன் நாள் முழுக்கத் தானே யோசித்துக்கொண்டிருப்பான். மறுநாள் வருகிற பதிலைவிட அவன் யோசித்தது நன்றாகவே இருக்கலாம்.

இரண்டாவது, இடம். அது எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கும். தினமணியில் மதியின் 'அடடே' எங்கே வரும் என்று அதன் வாசகருக்குத் தேடாமலே தெரியும். ஊரே தலைகீழானாலும் அந்த மூலையில் ஒரு சாதாரண மனுஷன் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். ஆர்.கே. லட்சுமண் 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வரைந்த 'காமன் மேன்' அந்த ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். கட்டம் போட்ட கோட்டோடு சும்மா நின்று பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

மூன்றாவது, பகிர்வு. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் ஒரே பேப்பர் நாலு தாளாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்கும். "அண்ணே, அந்த ஷீட்டை இப்படிக் கொடுங்க" என்று முன்பின் தெரியாதவரிடம் உரிமையோடு கேட்கலாம். கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை எட்டிப் பார்த்துச் சிரிப்பது தப்பே இல்லை. அவரும் கொஞ்சம் திருப்பிக் காட்டுவார். மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் பொட்டலம் காலியானதும், எண்ணெய்க் கறைக்கு நடுவே பாதிப் படக்கதையைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அச்சு மை வயிற்றுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. அது சரிதான். ஆனால் அப்படி ஒரு நூலகமும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, கோடு. நாலு கோட்டில் ஒரு உருவம் உயிரோடு வந்துவிடுகிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது எந்த நாடு தங்கம் வாங்கியது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். வேட்டி சட்டை கட்டிக் கும்பிட்டு நின்ற 'தம்பி' குதிரையைக் கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். மாலி, கோபுலு, மதன் என்று விகடன் பக்கங்களில் வரைந்தவர்களின் பலமும் அதுதான். மதனின் ரெட்டைவால் ரெங்குடு எத்தனை வருடம் ஆனாலும் அதே குறும்புப் பையன்தான். படித்தவர்களுக்குத்தான் வயதாகிறது.

சிரித்தால் சிறை

வெறும் சிரிப்பு விஷயமாக இருந்தால் அதிகாரத்தில் இருப்பவர்கள் ஏன் இதற்குப் பயப்பட வேண்டும்?

தமிழில் அரசியல் கார்ட்டூனை முதலில் கொண்டுவந்தது பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' வார இதழ். 1906-ல் சென்னையில் தொடங்கிய அந்தப் பத்திரிகை, ஆங்கில ஆட்சியையும் அதற்கு வளைந்து கொடுத்த மிதவாதிகளையும் படம் போட்டுக் கிண்டல் செய்தது. வாசகருக்கு இது புது விஷயம் என்பதால் படத்துக்கு விளக்கமும் கூடவே எழுதினார்கள். 1908-ல் கைது பயம் வந்ததும் பாரதியார் புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகையை நடத்தினார். அதைப் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் விடாமல் தடுத்தார்கள். 1910-ல் நின்றே போனது. அந்தக் கருத்துப்படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி பிறகு தேடித் தொகுத்து நூலாக்கினார். இல்லையென்றால் அவை பழைய காகிதத்தோடு போயிருக்கும்.

அது வெள்ளைக்காரன் காலம். 1987-ல்? ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்ற கேள்விக்கு, ஒருவரை ஜேப்படிக்காரருக்கும் இன்னொருவரை முகமூடிக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்டுப் பதில் வரும். தமிழகச் சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். அவர் விடாமல் வழக்குப் போட்டார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதற்காக முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரையும் கடுமையாக விமர்சித்து வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைது செய்யப்பட்டார். அடுத்த நாள் ஜாமீன் கிடைத்தது. 2025 பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு கார்ட்டூனுக்காக விகடனின் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் மாதம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரு படத்துக்காக ஒரு தளமே மூடப்பட்டது. இப்போது மகேந்திரவர்மனை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டூனிஸ்ட் தப்பே செய்யமாட்டார் என்று அர்த்தமில்லை. லட்சுமண் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றி வரைந்த ஒரு படம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருந்தது. போராடும் மாணவனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்று கிண்டல் செய்யும் படம். 2012-ல் தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. உயிரைக் கொடுத்துப் போராடியவர்களை இப்படிக் காட்டினால் வலிக்கத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படத்தைக் கிழித்துப் போடுவதைவிட, "இது எங்கே தப்பு?" என்று வகுப்பில் பேசவைப்பது நல்ல பாடமாக இருந்திருக்கும். மோசமான கார்ட்டூனுக்கு நல்ல பதில் இன்னொரு கார்ட்டூன்.

"அதான் மீம் இருக்கே!"

இந்தக் காலத்தில் யாராவது கார்ட்டூனைப் பற்றிக் கவலைப்பட்டால் உடனே வரும் பதில் இது. மீம் ஒன்றும் மட்டமில்லை. 2019 மே மாதம் 'பிரண்ட்ஸ்' படத்து நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்த கூத்தை யாரால் மறக்க முடியும்? வடிவேலுவின் ஒரு முகபாவம் நூறு தலையங்கத்துக்குச் சமம். வேகத்தில் பத்திரிகைக் கார்ட்டூன் மீமோடு போட்டி போடவே முடியாது.

ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. ஒன்று, கையெழுத்து. கார்ட்டூனின் ஓரத்தில் வரைந்தவர் பெயர் இருக்கும். பொறுப்பேற்க ஒரு ஆசிரியர் இருப்பார். தப்பு என்றால் கேட்கலாம், வழக்கும் போடலாம். ஜெயிலுக்குப் போகவும் ஒருவர் தயாராக இருக்கிறார் என்பதுதான் அந்தப் படத்துக்கு எடை கொடுக்கிறது. பெரும்பாலான மீமுக்கு யார் செய்தது என்றே தெரியாது. பொய்யைப் பரப்பினாலும் யாரையும் பிடிக்க முடியாது.

இரண்டாவதுதான் முக்கியம். மீம் தனக்குப் பிடித்தவருக்குத்தான் அனுப்பப்படுகிறது. ஒரு கட்சிக்காரர் செய்தது அந்தக் கட்சிக்காரர்களின் குரூப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். டீக்கடைப் பேப்பரில் வரும் கார்ட்டூனுக்கு அந்த வசதி கிடையாது. கிண்டல் செய்யப்படும் தலைவரின் தொண்டரும் அதைப் பார்ப்பார். முதலில் முறைப்பார். பிறகு ஓரமாக உதட்டில் ஒரு சிரிப்பு வரும். எதிர்க்கருத்துக்காரரைச் சிரிக்கவைப்பதற்கு ஒரு தனி நியாயமும் திறமையும் வேண்டும். வெறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அந்தக் கலை போய்விட்டால் மிச்சமிருப்பது ஆளுக்கொரு குரூப்பில் உட்கார்ந்து தனித்தனியாகச் சிரிப்பதுதான்.

பத்திரிகைகளே இந்த இடத்தைக் கைவிடுவது இன்னும் வருத்தம். ஒரு கார்ட்டூனுக்கு எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, நியூயார்க் டைம்ஸ் 2019 ஜூலை முதல் தன் சர்வதேசப் பதிப்பில் அரசியல் கார்ட்டூனையே நிறுத்திவிட்டது. ஒரு தப்புப் படத்துக்காக எல்லாப் படத்தையும் நிறுத்துவது, ஒரு தோசை கருகியதற்காக அடுப்பையே தூக்கி எறிவது போல.

என்ன செய்யலாம்?

பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். பேப்பர் நடத்துபவர்கள், காகித விலை ஏறும்போது முதல் கத்தரியை இந்தக் கட்டங்களின் மேல் வைக்காமல் இருக்கலாம். நூலகங்கள் பழைய சிறுவர் இணைப்புகளையும் கார்ட்டூன்களையும் எடைக்குப் போடாமல் பைண்டு செய்து வைக்கலாம். பாரதியின் படங்களைத் தேட வேண்டி வந்த நிலைமை இன்னொரு முறை வரக்கூடாது. பள்ளி, கல்லூரிகளில் கையெழுத்துப் பத்திரிகையும் சுவரொட்டிப் பலகையும் மறுபடி வரலாம். மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. கல்லில் கோடு இழுக்கத் தெரிந்த பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் காகிதத்தில் இழுக்க ஆள் கிடைக்காமலா போகும்?

வாசகர் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். நாளைக்குக் காலையில் பேப்பரைத் திருப்பும்போது வெட்கப்படாமல் அந்த மூலைக்கு முதலில் போகலாம். பிடித்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டலாம், முக்கியமாக வேறு கட்சிக்காரராக இருந்தால். மாமல்லபுரம் போனால் அந்தப் பூனையைத் தேடிப் பார்க்கலாம். வெண்ணெய் உருண்டைப் பாறையில் போட்டோ எடுக்கும் அவசரத்தில் பெரியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கூட ஒரு சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது முதலில் கண்டுபிடித்துவிடும்.